தடா, பொடா, உபா: மூன்றில் எது அதிகம் அஞ்ச வேண்டியது?

பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்களைப் பற்றிப் பேச்சு வந்தால், தடாதான் மிகக் கொடியது என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். ஏட்டில் பார்த்தால் அது சரிதான். ஆனால் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், எனக்கு அதிகம் பயம் தருவது இன்று நடப்பில் இருக்கும் உபா (UAPA, சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம்).

தடா (TADA, பயங்கரவாத, சீர்குலைவு நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) 1985-இல் வந்தது. பஞ்சாப் எரிந்துகொண்டிருந்த நேரம், இந்திரா காந்தி கொல்லப்பட்டதற்கு அடுத்த ஆண்டு. சாதாரண வழக்கில் போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. தடாவில் எஸ்.பி. நிலை அதிகாரி பதிவு செய்தால் போதும், அதுவே சாட்சியம். அதன் விலை தமிழ்நாட்டுக்கு நன்றாகத் தெரியும். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998-இல் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம், இது தடா குற்றமே இல்லை என்றது. 19 பேர் வெளியே வந்தார்கள். ஆனால் தடாவின்கீழ் வாங்கிய வாக்குமூலங்கள் மட்டும் செல்லும் என்றும் அதே தீர்ப்பு சொன்னது! அந்த வழக்கில் தண்டனை பெற்ற பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த சிபிஐ அதிகாரியே, அவர் சொன்னதில் ஒரு பகுதியை எழுதாமல் விட்டதாக 2013-இல் ஒப்புக்கொண்டார். பேரறிவாளன் விடுதலையானது 2022-இல்.

257 பேர் உயிரிழந்த 1993 மும்பை குண்டுவெடிப்பு வழக்கில் 100 பேருக்குத் தண்டனை வாங்கித் தந்ததும் தடா நீதிமன்றம்தான். அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தச் சட்டத்தில் 70,000-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். தண்டனை பெற்றவர்களோ மிகச் சொற்பம்.

பொடா (POTA, பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) கொஞ்சம் திருந்திய தடா. நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பின், 2002 மார்ச்சில் இரு அவைகளின் கூட்டுக் கூட்டத்தில் நிறைவேறியது. வாக்குமூலம் கொடுத்தவரை 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்ற பாதுகாப்பு இருந்தது. ஆனால் வெறும் பேச்சுக்கே சிறை என்பதை இது தடுக்கவில்லை. விடுதலைப் புலிகளை ஆதரித்துத் திருமங்கலத்தில் பேசியதற்காகக் கைதான வைகோ 19 மாதங்கள் வேலூர் சிறையில் இருந்தார். பொடாவைக் கொண்டுவந்த கூட்டணியில்தான் அவர் கட்சியும் இருந்தது.

சரி, உபா? 1967-இல் பிரிவினை அமைப்புகளைத் தடை செய்யப் போட்ட சட்டம் அது. 2004 செப்டம்பரில் பொடாவை ரத்து செய்த அதே நாளில், பயங்கரவாதப் பிரிவுகள் இதற்குள் குடியேறின. போலீஸ் வாக்குமூலம் இதில் செல்லாது. அது உண்மையான முன்னேற்றம். ஆனால் 26/11 மும்பைத் தாக்குதலுக்குப் பின் 2008-இல் வந்த திருத்தம் ஜாமீன் கதவை மூடிவிட்டது. குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை போலத் தெரிந்தாலே ஜாமீன் கிடையாது. குற்றப்பத்திரிகைக்கே 180 நாள் வரை காத்திருக்கலாம். 2019 முதல், அமைப்பே இல்லாமல் தனி ஆளையும் பயங்கரவாதி என்று அரசு அறிவிக்கலாம். ஆக, தண்டனைக்கு வாக்குமூலம் தேவையில்லை, விசாரணைக்கான காத்திருப்பே தண்டனையாகிவிடுகிறது. திருச்சி மண்ணில் பிறந்து, பழங்குடியினர் உரிமைக்காகப் போராடி, உபாவில் கைதான பாதிரியார் ஸ்டேன் சுவாமி பார்க்கின்சன் நோயுடன் சிறையில் இருந்தபடி, உறிஞ்சு குழல் வைத்த குவளைக்காக நீதிமன்றத்தில் மனு போட்டார். ஜாமீனுக்குக் காத்திருந்தபடியே 2021 ஜூலையில், 84 வயதில் இறந்துபோனார். அவர் வழக்கில் விசாரணை தொடங்கவே இல்லை.

இன்னொரு வித்தியாசத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. தடாவுக்கு இரண்டு ஆண்டு, பொடாவுக்கு மூன்று ஆண்டு என்று ஆயுள் குறிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு முறையும் நீட்டிப்பு கேட்டு அரசு நாடாளுமன்றத்துக்கு வர வேண்டும். 1995-இல் தேசிய மனித உரிமை ஆணையத் தலைவர் ரங்கநாத் மிஸ்ரா, தடாவை நீட்டிக்காதீர்கள் என்று எம்.பி.க்களுக்குக் கடிதம் எழுதினார். அந்த மே மாதத்தோடு தடா காலாவதியானது. உபாவுக்கு அப்படி ஒரு தேதியே கிடையாது. வேறு எந்தத் திருத்தத்துக்கும் முன்னால் நான் கேட்பது அந்தத் தேதியைத்தான்.