தோளுக்கு அடங்கிய துப்பாக்கி: 20 கேஜோடு ஆறு வருடம்

முதல் நாள் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய்விட்டு வந்த இரவு, கண்ணாடி முன்னால் நின்றபோது தோளில் ஒரு சங்கிலி தெரிந்தது. தாலிச் சங்கிலியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டேன். ஆனால் அதன் கண்ணிகள் நாலைந்து வலது தோள் குழியில் நீலமாக, வரிசை மாறாமல் பதிந்து கிடந்தன. அன்று நான் சுட்டது மொத்தம் ஐந்தே தோட்டா. கணவரின் 12 கேஜ் பம்ப் ஷாட்கன், பெரிய ஈய உருண்டைகள் அடைத்த முழு வேகப் பக்‌ஷாட். ஐந்தாவதைக் கண்ணை மூடிக்கொண்டுதான் சுட்டேன். "இந்த ஜென்மத்துக்கு இது போதும்" என்று அவரிடம் சொன்னேன்.

அப்படிச் சொன்னவள் ஆறு வருடத்தில் ஏறக்குறைய இரண்டாயிரம் தோட்டா சுட்டிருக்கிறேன். என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம், எடை ஐம்பத்திரண்டு கிலோ. உதைக்கு, அதாவது சுட்டதும் துப்பாக்கி தோளில் இடிப்பதற்குப் பயந்து துப்பாக்கியே வேண்டாம் என்றிருப்பவர்களுக்கு என் அனுபவம் கொஞ்சம் காசையும் கொஞ்சம் நீலத்தையும் மிச்சப்படுத்தும் என்றுதான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது டல்லாஸுக்கு வடக்கே, ஊர் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில். கணவருக்கு மாதத்தில் பத்து நாள் வெளியூர் வேலை. ஒரு ராத்திரி யாரோ கராஜ் கதவை அசைத்துப் பார்த்தார்கள். ஷெரிஃப் ஆபீஸிலிருந்து கார் வந்து சேர்ந்தபோது இருபத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது. கதவை அசைத்தவர் அதற்குள் போய்விட்டார், ஒன்றும் நடக்கவில்லை. அந்த இருபத்திரண்டு நிமிடம் மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை.

நம்மவர்களுக்கு முதலில் ஒரு விஷயம். எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருந்தால் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துக் கையில் பிடித்தாலும் அதே கேள்விதான் வரும். கிரீன் கார்டு வந்த பிறகுதான் நாங்கள் கடைப்பக்கமே போனோம்.

கேஜ் என்பது ஊரில் சொல்லும் போர்தான். நம்மூர் பேங்க் வாசலில் செக்யூரிட்டி தாத்தா வைத்திருக்கும் 12 போர் இரட்டைக்குழலும் இங்கே உள்ள 12 கேஜும் ஒரே அளவு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக உருட்டினால் ஓர் உருண்டைக்கு என்ன குறுக்களவோ, அதுதான் குழலின் உள்ளளவு. இருபதாக உருட்டினால் 20 கேஜ். எண் கூடினால் குழல் சிறுக்கும்.

"அப்ப 20 கேஜ் வாங்கினா உதை குறையும்" என்று நானும் நினைத்தேன். கடைக்காரரும் அதையே சொல்லி, "லேடீஸ் எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க" என்று சின்னதாக, அழகாக ஒரு பம்ப் ஷாட்கனை எடுத்துக் கொடுத்தார். ஐந்தரை பவுண்டு. ஒரு கையால் தூக்கிவிடலாம். கம்பெனி பெயர் வேண்டாம், துப்பாக்கியில் குறையும் இல்லை. குறை என் கணக்கில் இருந்தது.

டார்கெட் தோட்டாவில், அதாவது பயிற்சிக்கான பொடி ரவைத் தோட்டாவில், அது சமர்த்தாகத்தான் இருந்தது. பக்‌ஷாட் போட்டதும் மறுபடி தோள் வெந்தது. வீட்டுக்கு வந்து காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 கேஜில் 3 எண் பக்‌ஷாட் என்றால் ஒரு தோட்டாவில் இருபது ஈய உருண்டை, ஒரு அவுன்ஸுக்குச் சற்று மேல், நொடிக்குச் சுமார் 1,200 அடி வேகம். ஐந்தரை பவுண்டுத் துப்பாக்கியில் அதன் உதை உத்தேசமாக 28 அடி-பவுண்டு (உதையின் சக்தியை அளக்கும் அலகு). எட்டு பவுண்டு 12 கேஜில் சாதாரண டார்கெட் தோட்டா போட்டால் வருவது 21 பக்கம்தான். ஆக, பெண்களுக்கு, பிள்ளைகளுக்கு என்று சொல்லி விற்கிற லேசான துப்பாக்கி, பக்‌ஷாட் போட்ட மாத்திரத்தில் டார்கெட் தோட்டா போட்ட பெரிய துப்பாக்கியைவிடப் பலமாக உதைக்கிறது. எடையைக் கழித்துக் கழித்து, கழித்ததையெல்லாம் நம் தோளில் ஏற்றிவிடுகிறார்கள். ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடையில் ஒருவராவது எட்டு பவுண்டுத் துப்பாக்கியை எடுத்துக் கையில் கொடுத்து "இது கனம், அதனாலதான் உங்களுக்கு நல்லது" என்று சொல்லியிருக்கலாம்.

பம்பில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஒவ்வொரு தடவை சுட்டதும் முன்கட்டையைப் பின்னால் கடைசிவரை இழுத்து, முன்னால் கடைசிவரை தள்ள வேண்டும். தோள் வலித்தால் கை தானாகப் பாதியில் நின்றுவிடும். சுட்ட தோட்டா வெளியே வராமல் மாட்டிக்கொள்ளும். ரேஞ்சில் சிரித்துக்கொண்டு சரிசெய்துவிடலாம். ராத்திரி மூன்று மணிக்கு அந்தச் சிரிப்பு வராது.

அடுத்தது அளவு. பின்கட்டையின் முனையிலிருந்து ட்ரிகர் வரை உள்ள நீளம், பெரியவர்களுக்கான துப்பாக்கியில் பதினான்கு அங்குலத்துக்குப் பக்கம். என் கைக்குப் பன்னிரண்டரை போதும். நீளம் கூடினால் என்ன செய்வோம்? உடம்பைப் பின்னால் சாய்த்துக்கொண்டு கட்டையைத் தோளின் ஓரத்துக்கு, புஜத்துக்குத் தள்ளுவோம். அங்கே சரியான தாங்கல் கிடையாது. முதல் நாள் படத்தைப் பார்த்தால் குடத்தை இடுப்பில் வைத்தவள் மாதிரி வளைந்து நிற்கிறேன். குட்டைக் கட்டை மாற்றி, இடது காலை முன்வைத்து, மூக்கு கால் கட்டைவிரலுக்கு நேரே வரும்படி முன்னால் சாய்ந்து நின்ற அன்றே பாதி வலி போய்விட்டது. முன் கை துப்பாக்கியை முன்னுக்குத் தள்ள, பின் கை பின்னுக்கு இழுக்க, கயிறு திரிப்பதுபோல் இரண்டுக்கும் நடுவே இறுக்கிப் பிடிக்கச் சொல்லித்தந்தார் பயிற்சியாளர். மீதி உதையில் ஒரு பங்கு அந்தப் பிடியிலேயே நின்றுவிடுகிறது. தாலிச் சங்கிலியை இப்போது இடது பக்கம் ஒதுக்கி டி-ஷர்ட்டோடு ஊக்கு குத்திவிட்டுத்தான் துப்பாக்கியைத் தொடுவேன். பிராவின் பட்டையும் அதே இடத்தில்தான் கடிக்கும். இதை எந்த ஆண் பயிற்சியாளரும் சொல்ல மாட்டார்.

இத்தனைக்குப் பிறகும் ட்ரிகரை இழுக்கும் நொடியில் குழல் முனை கீழே துள்ளியது. பயிற்சியாளர் ஒரு வேலை செய்தார். என் கண்ணில் படாமல் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே மருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றைக் கலந்து ஏற்றிக் கொடுத்தார். அது வந்த இடத்தில் 'டக்' என்று மட்டும் சத்தம். உதையே இல்லை. நானோ தோளைக் குலுக்கி, கண்ணைச் சிமிட்டி, முனையை ஒரு சாண் இறக்கிவிட்டேன். வெட்கமாக இருந்தது. "வலிக்கு முன்னாடியே வலிக்குது உங்களுக்கு" என்றார்.

காரணம் காதில் இருந்தது. என் ஜிமிக்கியும் மாட்டலும் இயர்மஃப்பின் விளிம்பைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கின்றன. கண்ணாடிக் காம்பு வேறு. ஷாட்கன் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். அந்த இடுக்கு வழியாக ஒவ்வொரு வெடியும் நேரே உள்ளே வந்துகொண்டிருந்தது. நகையைக் கழற்றினேன். நுரை அடைப்பானைக் காதில் செருகி, அதன்மேல் இயர்மஃப் போட்டேன். அன்று முப்பது தோட்டா சுட்டுவிட்டு, "இதே துப்பாக்கியா?" என்று திருப்பிப் பார்த்தேன். உதைக்குப் பயப்படுகிறவர்கள் துப்பாக்கியை மாற்றும் முன் முப்பது சென்ட் நுரை அடைப்பானை வாங்கிப் பார்ப்பது நல்லது.

ஆனாலும் அந்த ஐந்தரை பவுண்டை விற்றுவிட்டேன். இப்போது இருப்பது பழைய ரெமிங்டன் 1100, 20 கேஜ், குட்டைக் கட்டை, 21 அங்குலக் குழல். ஆறரை பவுண்டு. அடகுக்கடை ஒன்றில் 330 டாலருக்குக் கிடைத்தது. இந்த மாடல் 1963-இல் வந்தது, நாற்பது லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறது. இது வாயுவால் இயங்கும் செமி ஆட்டோ. சுட்டதும் குழலில் எழும் வாயுவில் கொஞ்சம் துளை வழியே இறங்கி, அடுத்த தோட்டாக்கள் காத்திருக்கும் மேகசின் குழாயைச் சுற்றியுள்ள பிஸ்டனைத் தள்ள, அந்த வேகத்தில் சுட்ட தோட்டா வெளியேறி அடுத்தது ஏறுகிறது. உதையின் மொத்தம் காணாமல் போவதில்லை, நீண்ட நேரத்துக்குப் பரவுகிறது. டவுன் பஸ் டிரைவர் சடாரென்று பிரேக் அடிப்பதற்கும் மெல்ல மிதித்து நிறுத்துவதற்கும் உள்ள வித்தியாசம்தான். தோளில் அறை விழாமல் ஒரு தள்ளு மட்டும் வரும்.

பழைய சரக்கு என்பதால் சில சேதிகள். வாங்கின அன்று மூன்று தோட்டாவுக்குமேல் ஏறவில்லை. கெட்டுப்போனதோ என்று கழற்றிப் பார்த்தால் மேகசின் குழாய்க்குள் ஒரு மரக்குச்சி! வாத்து போன்ற வலசைப் பறவை வேட்டையில் மொத்தம் மூன்று தோட்டாதான் அனுமதி என்பதால் முன்னாள் உடமையாளர் செருகி வைத்தது. அடுத்தது, மேகசின் குழாயில் மாட்டியிருக்கும் ரப்பர் ஓ-ரிங். வாயுவைக் கசியாமல் பிடிப்பது அதுதான். கிழிந்தால் துப்பாக்கி பாதியில் இருமிக்கொண்டு நிற்கும். மாற்ற வேண்டியது என் பொறுப்பு, இரண்டு வருடம் திரும்பிப் பார்க்காமல் இருந்தது என் தப்பு. இப்போது ஐந்து ஓ-ரிங் ஒரு ஜிப் கவரில், குக்கர் கேஸ்கெட் இருக்கும் அதே டிராயரில் இருக்கிறது. அப்புறம், குழலில் 2¾ அங்குலம் என்று அடித்திருந்தால் 3 அங்குலத் தோட்டா போடக் கூடாது. எனக்கு அது தேவையும் இல்லை.

மற்ற வழிகளையும் பார்த்தேன். 12 கேஜிலேயே போலீஸுக்கென்று வந்த உதை குறைந்த பக்‌ஷாட் உண்டு, முழு வேகம் 1,325 அடி என்றால் இது 1,150-க்குப் பக்கம். கணவர் இப்போது அதைத்தான் போடுகிறார், நன்றாகவே இருக்கிறது. 1¾ அங்குலக் குட்டித் தோட்டா சுட ஆனந்தம், ஆனால் பல பம்புகளில் ஒழுங்காக ஏறாது, செமி ஆட்டோவில் கேட்கவே வேண்டாம். பின்கட்டையே இல்லாத, கையால் மட்டும் பிடிக்கும் ரகத்தைச் சிறியது என்று ஆசைப்பட்டு எடுக்காதீர்கள். மணிக்கட்டு போய்விடும்.

வீட்டில் இரண்டு கேஜ் இருந்தால் வரும் ஆபத்து ஒன்றை நேரில் பார்த்தேன். ரேஞ்சுக்குக் கிளம்பும்போது கணவரின் பைக்குள் பச்சை, சிவப்புத் தோட்டாக்களுக்கு நடுவே ஒரு மஞ்சள். அமெரிக்காவில் 20 கேஜ் மட்டும் மஞ்சளாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அதை 12 கேஜுக்குள் போட்டால் சேம்பரில், அதாவது தோட்டா உட்காரும் குழலின் பின்முனையில், நிற்காது, வழுக்கிக் குழலுக்குள் போய் மாட்டிக்கொள்ளும். ஒன்றும் ஏறவில்லை என்று நினைத்துப் பின்னால் ஒரு 12-ஐ ஏற்றிச் சுட்டால் குழல் முகத்துக்குப் பக்கத்திலேயே வெடிக்கும். அன்றிலிருந்து இருவருக்கும் தனிப் பை, தனிப் பெட்டி, தனி அலமாரி. ரேஞ்சுக்கும் வேறு வேறு நாளில்தான் போகிறோம்.

வீட்டில் பதினொன்றிலும் ஏழிலும் பிள்ளைகள். துப்பாக்கி சுவரில் போல்ட் போட்ட இரும்புப் பெட்டிக்குள், மேகசினில் தோட்டா, சேம்பர் காலி. பூட்டு பட்டன் அழுத்தும் மெக்கானிக்கல் ரகம், பேட்டரி தீரும் கவலை இல்லை. ஏற்றிய துப்பாக்கியை அலட்சியமாக விட்டுவைத்து, அது 17 வயதுக்குக் குறைந்த பிள்ளை கைக்குக் கிடைத்துவிட்டால் டெக்சாஸில் குற்றம். சேம்பர் காலியாக இருந்தாலும் மேகசினில் இருந்தால் ஏற்றியதுதான் என்கிறது அந்தச் சட்டம். போனில் கேள்விப்பட்ட அம்மா, "ஏண்டி, பச்சப் புள்ளைங்க இருக்கற வீட்லயா?" என்று மூன்று நாள் பேசவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு என் பதில், துப்பாக்கி வாங்கும் முன்பே பெட்டியை வாங்கிவிட்டோம் என்பதுதான்.

இந்த ஊர் வீட்டுச் சுவர் செங்கல் இல்லை, ஜிப்சம் பலகை. பக்‌ஷாட் அதைத் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகும். அறை தூரத்தில் ரவை பெரிதாகச் சிதறாது, உள்ளங்கை அகலம்தான். குறி பார்க்காமல் சுட்டாலும் படும் என்பது சினிமா. அதனால் எங்கள் திட்டம் சுருக்கமானது: பிள்ளைகளை எங்கள் அறைக்கு அழைத்து, கதவைப் பூட்டி, கட்டிலுக்குப் பின்னால் உட்கார்ந்து 911. குழல் பார்க்கும் திசையில் பிள்ளைகள் அறை வராத மூலை எது என்று பகலில் நின்று பார்த்து வைத்திருக்கிறோம்.

ஆறு வருடத்தில் பின்கட்டை முனையின் ரப்பர் மெத்தை ஒன்று மாற்றினேன், ஓ-ரிங் மூன்று. மாதம் ஒரு ஞாயிறு, இருபத்தைந்து டார்கெட் தோட்டா, கடைசியில் ஐந்து பக்‌ஷாட். தோளில் நீலம் பாய்ந்து வருடக் கணக்காகிறது. குறை என்று கேட்டால் ஒன்று உண்டு. தோட்டா ஏற்றும்போது அடியிலிருக்கும் பட்டனை அமுக்கிக்கொண்டே தள்ள வேண்டும், இல்லையென்றால் தோட்டா ஏற்றும் வாயிலில் உள்ள தகடு கட்டைவிரலைக் கவ்வும். போன தீபாவளிக்கு ஆசையாக நகம் வளர்த்துச் சிவப்புச் சாயம் பூசி, அடுத்த ஞாயிறே கட்டைவிரல் நகத்தைப் பாதியோடு இழந்தேன். இப்போதெல்லாம் சனிக்கிழமை ராத்திரி முதல் வேலை நகவெட்டியைத் தேடுவதுதான்.