ஹட்டனிலிருந்து மூன்று முதுமாணி, ஒரு பட்டர் கேக்

வெள்ளிக்கிழமை இரவானால் இலங்கை மலையகத்து ஹட்டனில் இருக்கும் எங்கள் வீட்டில் பட்டர் வாசனைதான். சனிக்கிழமை காலையில் கொடுக்க வேண்டிய கேக்குகள் அப்போதுதான் வேகும். சமூகவியல் பட்டம் முடித்து, பகலில் ஒரு வேலை, இரவில் கேக் ஓர்டர் என்று மூன்று வருடம் ஓடிவிட்டது. இனி முதுமாணி, அதாவது மாஸ்டர்ஸ் படிப்பு. இங்கே பேராதனைப் பல்கலைக்கழகமா, பிரித்தானியாவா, ஜேர்மனியா? சாப்பாட்டு நேரத்தில்கூட வீட்டில் இதே பேச்சுதான்.

என் ஆய்வுத் தலைப்பு, தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளில் வாழும் பெண்கள் வாங்கும் சிறு கடன்கள், அதாவது நுண்கடன். கொழுந்து நிறுத்துவிட்டு, குளித்து, தேத்தண்ணி குடித்து அக்காமார் ஆறுதலாகப் பேச உட்காருவதற்கு ஐந்து மணியாகிவிடும். ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகிறவரிடம் கடன் கதை வராது. முதல் சந்திப்புக்கு நான் கேக் கொண்டு போனேன். அன்றைக்கு முழுக்க கேக்கில் எத்தனை முட்டை என்பதைப் பற்றித்தான் பேசினோம். நாலாவது தடவைதான் கடன் புத்தகம் வெளியே வந்தது.

அதனால் என் தராசில் பேராதனைக்கு ஆரம்பத்திலேயே எடை கூடிவிட்டது. கினிகத்தேன, நாவலப்பிட்டி, கம்பளை தாண்டினால் கெம்பஸ். களமும் கைக்கெட்டும் தூரத்தில். ஆனால் ஒன்றைக் கவனிக்காமல் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நம் நாட்டுத் தகைமைக் கட்டமைப்பில் முதுமாணி இரண்டு படி. 9ஆம் மட்டம் என்றால் 30 கிரெடிட், பாடநெறி மட்டும். 10ஆம் மட்டம் என்றால் 60 கிரெடிட், அதில் குறைந்தது 15 ஆய்வுக்கு. பெயர்ப்பலகையில் இரண்டும் முதுமாணிதான். பின்னாடி கலாநிதிப் பட்டம் செய்யும் எண்ணம் இருந்தால் பதிவு செய்வதற்கு முன்பே மட்டத்தைக் கேட்டுவிடுங்கள். பேராதனையில் எனக்குள்ள ஒரே சிக்கல், வகுப்பு வார இறுதியில் வந்தால் கேக் வியாபாரத்தோடு மோதும் என்பதுதான்.

பிரித்தானியா ஒரே வருடம். பிரித்தானிய அரசு கொடுக்கும் செவனிங் புலமைப்பரிசில் கிடைத்தால் கட்டணத்தைப் பற்றிக் கவலை இல்லை. விண்ணப்பிக்கவும் காசு வேண்டாம். 2,800 மணித்தியால வேலை அனுபவம் கேட்கிறார்கள், தொண்டு வேலையும் கணக்கில் வரும். "கேக் சுட்ட நேரத்தையும் சேர்க்கலாமா?" என்று அம்மா கேட்டார், நான் சிரித்துவிட்டேன். படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். எனக்கு அது தண்டனையே இல்லை. தயக்கம் வேறு இடத்தில். பெரும்பாலும் ஆய்வேட்டுக்கு மிஞ்சுவது கோடையின் மூன்று மாதம். நாலாவது தடவைதான் பேசுகிற அக்காமாரிடம் அது எம்மட்டுக்கு?

இந்த அவசரம் எப்படி முடியும் என்று என் கேக் எனக்குச் சொல்லித் தந்திருக்கிறது. ஹட்டன் 1,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு. கொழும்புச் செய்முறையை அப்படியே பின்பற்றினால் கேக் மளமளவென்று எழும்பி, மாவு இறுகுவதற்குள் நடுவில் குழி விழுந்துவிடும். பேக்கிங் பவுடரில் கால்பங்கைக் குறைத்து, ஒரு மேசைக்கரண்டி பால் கூட்டி, சூட்டைக் கொஞ்சம் ஏற்றிய பிறகுதான் சரியாக வந்தது. அதற்குள் ஐந்து கேக் வீட்டுப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தது!

ஜேர்மனியைச் சுருக்கமாகவே சொல்கிறேன். இரண்டு வருடம் கிடைக்கும், பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமும் இல்லை. ஆனால் விசாவுக்கு வங்கியில் ஒரு வருடச் செலவைக் காட்ட வேண்டும். 2024 செப்டெம்பரிலிருந்து அது 11,904 யூரோ. 2022இல் ரூபாய் விழுந்த விதத்தைப் பார்த்த எனக்கு இந்தத் தொகையைப் பெருக்கிப் பார்க்கவே பயம். தெற்காசியாவுக்கென்று 1962 முதல் தனி நிறுவனம் வைத்திருக்கும் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகம் எனக்குப் பிடித்த இடம். ஆனால் அது ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து போகும் மாணவர்களிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்கும் மாநிலத்தில் அல்லவா இருக்கிறது!

கையில் காசு இருந்து, களமும் நகரத்திலேயே என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு ஜேர்மனி என்பேன். என் நிலைமைக்குப் பேராதனை, அதுவும் 10ஆம் மட்டம். செவனிங்குக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வைக்கிறேன், கிடைத்தால் அப்போது திரும்பவும் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம். சனிக்கிழமை ஓர்டர்களை இனி வெள்ளி மாலையே கொடுத்துவிடுவேன் என்று வாடிக்கைக்காரர்களுக்குச் சொல்லியாயிற்று. இரண்டு பேர்தான் கோபித்துக்கொண்டார்கள்.