சன் ஃபேஸா, ஹூஃபா, ஃபஸ் ஃபேக்டரியா? நம்ம மலையக குளிருக்கு எது சரி

ஃபஸ் பெடல்னா கிட்டார் சத்தத்த கரகரன்னு ஆக்குற, கால்ல மிதிக்கிற பெட்டி. அதுல மூணையும் ஒரே கிட்டார்ல ஒரே ஆம்ப்ல மாத்தி மாத்தி வாசிச்சு பாத்துட்டுத்தான் எழுதுறேன். சன் ஃபேஸ் என்னோடது, கட்டார்ல இருக்குற மச்சான் வரும்போது கொண்டாந்தது. மத்த ரெண்டும் பேண்ட் பசங்ககிட்ட இரவல்.

முதல்ல அனலாக்மேன் சன் ஃபேஸ். 1966ல லண்டன்ல வந்த ஃபஸ் ஃபேஸ்தான் இதுக்கு மூலம், ரெண்டே ரெண்டு ட்ரான்சிஸ்டர், என்னோடதுல ரெண்டுமே ஜெர்மேனியம். ஜெர்மேனியத்துக்கு சூடு ஆகாது, சூடு ஏற ஏற உள்ள கரண்ட் கசிய தொடங்கி பயஸ், அதாவது ட்ரான்சிஸ்டர் சரியா வேல செய்ய வச்சிருக்குற வோல்ட் அளவு, இடம் மாறிரும். மலையக குளிர்ல, ஹட்டன்ல ராத்திரி கதவ சாத்திட்டு வாசிக்கிறப்போ ஃபுல்லா வச்சிருந்த கிட்டார் வால்யூம ஆறுக்கு இறக்கினேன், அவ்வளவு கரகரப்பும் அப்டியே கரைஞ்சு மணி மாதிரி தெளிவா வந்துச்சு பாருங்க, அந்த ஒரு விஷயத்துக்கே இத வாங்கலாம். ஆனா இதே பெடல கொழும்புல பகல் வெயில்ல மேடையில வச்சப்போ சத்தம் சவசவன்னு ஆயி நோட்டுக்கு உயிரே இல்ல. அதனால வாங்குறதுன்னா சன்டயல் நொப் உள்ளதா பாத்து வாங்குங்க, பயஸ வெளியிலருந்தே திருப்பி சரி பண்ணிக்கலாம். என்னோடதுல அது இல்ல, இன்னும் மனசுக்கு கஷ்டமா இருக்கு. இன்னொன்னு, இது பாசிட்டிவ் கிரவுண்ட், அதாவது கரண்ட் இணைப்பு மத்த பெடலுக்கு தலைகீழ், அதனால மத்த பெடலோட ஒரே அடாப்டர்ல சேத்து மாட்டக்கூடாது, 9 வோல்ட் பெட்டரிதான் நல்லம். கிட்டார்லருந்து நேரா இதுக்குள்ள போகணும், முன்னாடி பஃபர் (சிக்னல் பலம் குறையாம அனுப்புற சர்க்யூட்) இருந்தா அந்த வால்யூம் வித்தையே போயிரும்.

எர்த்குவேக்கர் ஹூஃப் வேற ஜாதி. பச்ச கலர் ரஷ்யன் பிக் மஃப்ங்கிற பழைய ஃபஸ் பெடல வச்சு அமெரிக்காவுல ஆக்ரன்ல செய்றாங்க, ஜெர்மேனியமும் சிலிக்கானும் கலந்தது. மஃப்ல மிட், அதாவது நடு சுருதி சத்தம், குழிஞ்சு கிடக்கும், தனியா வாசிக்க பிரம்மாண்டமா கேக்கும், ஆனா திருவிழா மேடையில கீபோர்டும் ட்ரம்ஸும் சேந்துட்டா லீட் கிட்டார் எங்க போச்சுன்னே தெரியாது. இதுல ஷிஃப்ட்னு ஒரு நொப் இருக்கு, மிட்ட கூட்டிக்கலாம், அப்ப லீட் மேல வந்து நிக்குது. குளிரான தலவாக்கலைலயும் வெயிலான கொழும்புலயும் எனக்கு ஒரே மாதிரிதான் கேட்டுச்சு. வால்யூம குறைச்சா சன் ஃபேஸ் அளவுக்கு தெளியாது, அது மட்டும்தான் குறை.

இசட்வெக்ஸ் ஃபஸ் ஃபேக்டரி 1990கள்ல வந்தது, அஞ்சு நொப். ஸ்டேப் (Stab) நொப்ப இறக்கினா பெடல் தானா கீச்சுன்னு பாட ஆரம்பிச்சிரும், திருப்ப திருப்ப சுருதி ஏறி இறங்கும். ரெக்கார்டிங்குக்கு அருமை, மேடையில பாட்டுக்கு நடுவுல கை பட்டுட்டா பழைய இடத்த கண்டுபிடிக்கவே முடியாது.

மேல இருந்துக்கிட்டு வீட்லயும் சின்ன ஹோல்லயும் வாசிக்கிறவங்களுக்கு நான் சன் ஃபேஸ்தான் சொல்லுவேன், யோசிக்கவே வேணாம். மாசத்துக்கு ரெண்டு தடவ கீழ இறங்கி வாசிக்கிற பேண்ட்னா ஹூஃப், இல்லாட்டி சன் ஃபேஸ்லயே ஜெர்மேனியத்துக்கு பதிலா பிசி108ங்கிற சிலிக்கான் ட்ரான்சிஸ்டர் போட்டது வருது, அது வெயிலுக்கெல்லாம் அசையாது, சத்தம் மட்டும் கொஞ்சம் கூர்மையா இருக்கும்.