புது சர்வரில் பேக்கப் இழுக்கிறதா? டிஸ்க், கேபிள், முறை: எதை மாற்றுவது?

"தம்பி, ராத்திரி போட்ட பேக்கப் காலையில வந்து பாத்தாலும் ஓடிக்கிட்டே இருக்கு." மதுரையில் சின்ன அலுவலகங்களில் புது சர்வர் வைத்ததும் வரும் முதல் குறை இதுதான். கே.கே. நகர் ஆடிட்டர் அலுவலகத்திலும் சொல்வார்கள், மாசி வீதிப் பக்கம் இருக்கும் கல்யாண போட்டோ ஸ்டுடியோவிலும் சொல்வார்கள். கடைக்காரர் வேகமான டிஸ்க் வாங்கச் சொல்வார். நெட்வொர்க் ஆள் கேபிளை மாற்றச் சொல்வார். மூன்றாவதாக ஒருவர், பேக்கப் எடுக்கும் முறையே தப்பு என்பார். இந்த மூன்றில் உங்கள் இடத்துக்கு எது பொருந்தும் என்பதைக் காசு செலவழிக்காமலே கண்டுபிடிக்கலாம்.

10 ஜிபி அளவுள்ள ஒரே ஃபைலை சர்வரிலிருந்து பேக்கப் பெட்டிக்கு காப்பி போடுங்கள். வேகம் நொடிக்கு 11, 12 எம்பியிலேயே அசையாமல் நின்றால் சந்தேகமே வேண்டாம், லைன் 100 எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு 100 மெகாபிட்; எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்) ஓடுகிறது. ஜிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு, கேபிளின் எட்டு கம்பிகளும் வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கே போதும். எட்டில் ஒன்று அறுந்தாலோ, கிளிப் சரியாகப் பிடிக்காமல் இருந்தாலோ, ஸ்விட்ச் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடலாம். இன்டர்நெட் பார்க்கும்போது இந்தக் குறை தெரியவே தெரியாது, பேக்கப்பில்தான் வெளிப்படும். 1 டிபி டேட்டா இந்த வேகத்தில் ஏற ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகும். சரியான ஜிகாபிட்டில் நொடிக்கு 110 எம்பி வரை வரும், இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதனால் கேபிளை முதலில் பாருங்கள். மூன்றிலும் மலிவானது அதுதான். ஆனால் அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிளை விலை குறைவு என்று வாங்கி சுவருக்குள் ஓட்டாதீர்கள். முழுச் செம்பு கேட்6 கேபிளே போடுங்கள்.

பெரிய ஃபைல் வேகமாகப் போய், பேக்கப் மட்டும் இழுத்தால் கேபிளில் கைவைக்க வேண்டியதில்லை. ஆடிட்டர் அலுவலகத்தில் பெரும்பாலும் இதுதான் நிலைமை. டேலி கோப்புகள், ஸ்கேன் செய்த பில்கள், பிடிஎஃப்கள் எல்லாம் சேர்ந்து லட்சக்கணக்கான குட்டி ஃபைல்கள். ஒவ்வொன்றையும் திறந்து, அந்தப் பக்கம் புதிதாக உருவாக்கி, ஆன்டிவைரஸ் சோதித்து, மூட வேண்டும். நேரமெல்லாம் அந்தச் சடங்கிலேயே போகிறது. இங்கே விலையுயர்ந்த டிஸ்க் போட்டாலும் பெரிய மாற்றம் வராது. இமேஜ் முறைக்கு மாறுங்கள். அது ஃபைல் ஃபைலாகப் போகாமல் டிஸ்க்கை பிளாக் பிளாக்காக (சம அளவுத் துண்டுகளாக) படிக்கும். இரண்டாம் இரவிலிருந்து மாறிய பிளாக்குகளை மட்டும் எடுக்கும். அதற்கும் ஒரு விலை உண்டு: இப்படி மாறியதை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக எடுக்கும் இன்க்ரிமென்டல் சங்கிலியில் நடுவில் ஒன்று கெட்டால் அதற்குப் பின்னால் எடுத்தவையும் கைக்கு வராது. மாதம் ஒருமுறையாவது ஒரு ஃபோல்டரை மீட்டெடுத்துப் பாருங்கள். பழைய காப்பி முறையிலேயே இருக்க வேண்டுமென்றால், விண்டோஸோடு வரும் ரோபோகாப்பி கட்டளையில் எம்டி (/MT) ஆப்ஷனைப் போட்டால் ஒரே நேரத்தில் பல ஃபைல்கள் நகரும்.

டிஸ்க் மேல் பழி போடுவதற்கு முன் சர்வரின் வயதைப் பாருங்கள். புது சர்வரில் ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் அமைப்பு) பின்னணியில் தன்னைத் தயார்செய்துகொண்டிருக்கும். அது முடியும்வரை எல்லாமே மந்தமாகத்தான் இருக்கும். ரெய்டு கார்டின் பேட்டரி சார்ஜ் ஏறும்வரை ரைட் கேஷும் (எழுத வேண்டியதைத் தற்காலிகமாக வாங்கி வைக்கும் நினைவகம்) அணைந்திருக்கலாம். இரண்டுமே தானாகச் சரியாகும் விஷயங்கள். இதற்காக டிஸ்க்கை மாற்றுவது வீண்செலவு. யூஎஸ்பி டிஸ்க் நொடிக்கு 30, 40 எம்பியில் நின்றால் யூஎஸ்பி 2.0 போர்ட்டில் சொருகியிருப்பார்கள், போர்ட்டை மாற்றினால் போதும். டிஸ்க்கை நிஜமாகவே மாற்ற வேண்டிய இடம் ஒன்று உண்டு: முதலில் நொடிக்கு 100 எம்பிக்கு மேல் ஓடி, கொஞ்ச நேரத்தில் 20, 30 எம்பிக்கு விழுந்து அங்கேயே கிடந்தால் அது எஸ்எம்ஆர் வகை (தடங்களை ஒன்றின் மேல் ஒன்று லேசாகப் படியும்படி எழுதும்) ஹார்டு டிஸ்க்காக இருக்கலாம். தொடர்ந்து எழுதும் வேலைக்கு அது ஆகாது. தடங்கள் தனித்தனியாக இருக்கும் சிஎம்ஆர் வகை என்று உறுதிசெய்து வாங்குங்கள்.

விண்டோஸ் சர்வர் 2025 போட்டவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வெளியே போகும் எஸ்எம்பி (விண்டோஸ் ஃபைல் பகிர்வு) இணைப்புகள் எல்லாவற்றுக்கும் அதில் சைனிங், அதாவது நடுவில் யாரும் மாற்றவில்லை என்று காட்ட ஒவ்வொரு செய்தியிலும் கணக்குப் போட்டு வைக்கும் முத்திரை, கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. பழைய, சின்ன ப்ராசசர் உள்ள நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் மாட்டும் டிஸ்க் பெட்டி) அந்தக் கணக்கைப் போட்டு மூச்சு வாங்கும். சைனிங்கை அணைத்துவிடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். வாடிக்கையாளர் கணக்குகள் உள்ள இடத்தில் அந்தப் பாதுகாப்பு வேண்டும், மாற்ற வேண்டியது நாஸைத்தான்.

ஸ்டுடியோக்காரர்களுக்குக் கணக்கு வேறு. ரா படங்களும் (கேமரா பதப்படுத்தாமல் தருபவை) வீடியோவும் பெரிய ஃபைல்கள், ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் புதியவை. முறையை மாற்றினால் மிச்சமாவது கொஞ்சம்தான். அவர்கள் கேபிளும் டிஸ்க்கும் சரியாக இருந்தும் நேரம் போதவில்லை என்றால் 2.5 ஜிகாபிட்டுக்குப் போகலாம். அது நொடிக்கு 280 எம்பி வரை தரும். ஆனால் ஒற்றை ஹார்டு டிஸ்க் பொதுவாக அந்த வேகத்துக்குத் தொடர்ந்து எழுதாது. நாஸில் ரெய்டாகச் சேர்த்த டிஸ்க்குகளும் கூடவே வேண்டும். ஒன்றை மட்டும் வாங்கினால் பணம்தான் போகும்.