துண்டு மரங்களுக்கு ஏற்ற ரம்பம்: ஜப்பானிய ரியோபா, ஒரு மதிப்பீடு

கதவு, ஜன்னல், அலமாரி வேலைகள் முடிந்த பின் வீட்டின் மூலையில் சேர்ந்துவிடும் தேக்குச் சட்டத் துண்டுகளையும் பிளைவுட் ஓரங்களையும் கொண்டு ஒரு பிற்பகலுக்குள் பயனுள்ள பொருள் ஒன்றைச் செய்து முடிக்க விரும்புவோருக்கு முதலில் தேவைப்படுவது மின் இயந்திரம் அன்று, நல்ல கை ரம்பமே என்பது என் கருத்து. அத்தகைய வேலைக்கு நான் பயன்படுத்திவருவது 240 மில்லிமீட்டர் நீளத் தகடும், தகட்டை மட்டும் கழற்றி மாற்றும் வசதியும் கொண்ட ஜப்பானிய ரியோபா ரம்பம்.

நம் ஊர் இரும்புக் கடைகளில் கிடைக்கும் கை ரம்பம் தள்ளும்போது அறுக்கிறது. தள்ளும் விசையில் வளைந்துவிடாமல் இருப்பதற்காகவே அதன் தகடு தடிமனாக வைக்கப்படுகிறது. ரியோபாவோ இழுக்கும்போது அறுக்கிறது. இழுவிசையில் தகடு தானாகவே விறைத்து நிற்பதால் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமனே அதற்குப் போதும். மரத்தில் அது விடும் தடமும் ஒரு மில்லிமீட்டர் அளவைத் தாண்டுவதில்லை. 120 மில்லிமீட்டர் அகலமுள்ள துண்டு ஒன்றைப் பத்துப் பட்டிகளாக அறுக்க ஒன்பது வெட்டுகள் வேண்டும். மூன்று மில்லிமீட்டர் தடம் விடும் மின் வட்ட ரம்பத்தில் அவ்வேலையைச் செய்தால் 27 மில்லிமீட்டர் மரம் தூளாகிவிடும். ரியோபாவில் இழப்பது ஒன்பது மில்லிமீட்டர்தான். முழுப் பலகையில் இந்த வேறுபாட்டை யாரும் பொருட்படுத்துவதில்லை என்றாலும், கையளவுத் துண்டில் அது ஒரு பட்டியையே மிச்சப்படுத்தித் தருகிறது. தவிர, விரலளவுத் துண்டுகளை வட்ட ரம்பத்தின் அருகே கொண்டு செல்வது ஆபத்தானது.

தகட்டின் ஒரு விளிம்பில் மரத்தின் ரேகையை ஒட்டி நெடுக்காக அறுப்பதற்கான பற்களும், மறு விளிம்பில் ரேகைக்குக் குறுக்காக அறுப்பதற்கான பற்களும் உள்ளன. சூடான பாத்திரம் வைக்கும் பிரிமணை ஒன்றைச் செய்து பார்த்தால் இரண்டின் பயனும் விளங்கும். தேக்குத் துண்டை ஒரு விளிம்பால் பட்டிகளாக்கிக்கொண்டு, பட்டிகள் ஒன்றையொன்று கடக்கும் இடங்களில் மறு விளிம்பால் பாதி ஆழத்துக்குக் குறுக்கே வெட்டி, நடுவே நிற்கும் மரத்தை உளியால் தட்டி எடுத்துவிட்டால், இரண்டு அடுக்குப் பட்டிகளும் ஒரே மட்டத்தில் பொருந்துகின்றன. குறுக்கு வெட்டின் முகம் வழவழப்பாகவே கிடைப்பதால் இழைப்புளிக்கு அங்கே அதிக வேலை இல்லை. அஞ்சறைப் பெட்டியின் உள்தடுப்புகளையும் இதே முறையில் கோத்துவிடலாம். சிறு முக்காலிக்கும் இந்த ரம்பம் போதும், ஆனால் கால்களைச் சாய்வாக வெட்டும்போது கோட்டை இரண்டு முகங்களிலும் வரைந்துகொள்வது அவசியம்; மெல்லிய தகடு தொடக்கத்தில் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே போய்க்கொண்டிருக்கும்.

இதற்கென மேசையோ இடுக்கியோ வாங்க வேண்டியதில்லை என்பதை நான் பெரிய வசதியாகக் கருதுகிறேன். ஜப்பானியத் தச்சர்கள் தாழ்வான கட்டையின் மேல் மரத்தை வைத்துக் காலால் அழுத்திக்கொண்டு அறுப்பார்கள். தரையில் அமர்ந்து பாதத்தால் மரத்தைப் பிடித்துக்கொள்ளும் நம் தச்சர்களுக்கு இது புதிதன்று.

குறைகளும் உண்டு. பற்களின் நுனி மின் முறையில் கடினமாக்கப்பட்டிருப்பதால் கூர்மை நெடுநாள் நிற்கிறது. ஆனால் மழுங்கிய பின் அரத்தால் தீட்ட இயலாது, தகட்டைத்தான் மாற்ற வேண்டும். கடினமான பல் எளிதில் உடையவும் செய்யும். இடித்த வீடுகளிலிருந்து வரும் பழைய தேக்கில் தலை முறிந்த ஆணிகள் புதைந்திருப்பது வழக்கம் என்பதால், அத்தகைய மரத்தின் மேல் காந்தம் ஒன்றை ஓட்டிப் பார்க்காமல் ரம்பத்தை வைக்கக் கூடாது. ஆழமாக அறுக்கும்போது மேல் விளிம்பின் பற்களும் வெட்டுக்குள் இறங்கிப் பக்கச் சுவர்களைக் கீறிவிடுகின்றன. இரண்டு அங்குலத்துக்கு மேல் தடித்த சட்டத்தை நெடுக்காக அறுப்பதோ கையை ஓயவைத்துவிடும். அத்தகைய துண்டை மர அறுவை ஆலையில் கொடுத்து மெல்லிதாக்கி வாங்கிக்கொள்வதே அறிவுடைமை.

பிளைவுட்டை இது நன்றாகவே அறுக்கிறது, ஆயினும் அதிலுள்ள பசை பற்களை விரைவில் மழுக்குவதால் அதற்கெனப் பழைய தகடு ஒன்றை ஒதுக்கி வைப்பது நல்லது. (உணவு படும் பொருள் எதையும் பிளைவுட்டிலோ, மர நாரைப் பசையுடன் அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையிலோ செய்ய வேண்டாம். சரக்குப் பெட்டி மரமாக இருந்தால் முத்திரையைப் பாருங்கள்: எச்.டி. (HT) என்பது வெப்பத்தால் பதப்படுத்தியதைக் குறிக்கும்; எம்.பி. (MB) என்றிருந்தால் அது மெத்தில் புரோமைடு நச்சுப்புகை ஏற்றிய மரம், அதைத் தொடவே வேண்டாம்.)

விலை சாதாரணக் கை ரம்பத்தைப்போலப் பல மடங்கு. ஆண்டுக்கு ஒருமுறை பரணில் ஒரு தட்டு அடிப்பவருக்கு இந்தச் செலவு வீண். துண்டு மரங்களைத் தூக்கியெறிய மனமில்லாமல் சேர்த்து வைப்பவருக்குத் தகும். வாங்கும்போதே அதே அளவுக்குப் பொருந்தும் மாற்றுத் தகடு தனியாகக் கிடைக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் வேலை முடிந்ததும் தகட்டைத் துடைத்து மெல்லிய எண்ணெய் பூசி வைக்க வேண்டும், ஏனெனில் இவ்வளவு மெல்லிய எஃகில் துரு ஏறினால் பிறகு அது வெட்டுக்குள் சீராக ஓடாது.