காப்பர் டி 380ஏ: சிசேரியனுக்கு அப்புறம் இரண்டேகால் வருஷம் வைத்திருந்தேன்

மிக்ஸிக்கும் குக்கருக்கும் ஆயிரம் பேர் ரிவ்யூ எழுதுகிறார்கள். கரு நிற்காமல் இருக்கக் கர்ப்பப்பைக்குள் வருஷக்கணக்கில் வைத்துக்கொள்ளும் காப்பர் டி மாதிரி சாமானுக்கு எழுத ஒருத்தரையும் காணோம், நான் தேடிய அன்றைக்குக் கிடைத்ததெல்லாம் பயமுறுத்தல்தான். அதனால் நானே எழுதுகிறேன்.

போட்டது ஊத்துக்குளிப் பக்கம் ஒரு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில். செலவு ஒரு பைசா இல்லை, போக வர பெட்ரோல் மட்டும். எடுத்தது போன மாதம்.

எனக்கு முதல் பிரசவம் சிசேரியன், திருப்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. தமிழ்நாட்டில் 100 பிரசவத்துக்கு 45 சிசேரியன் என்று 2019-21 குடும்பநல சர்வேயே சொல்கிறது, ஆக இது எனக்கு மட்டும் வந்த கதை இல்லை. டிஸ்சார்ஜ் அன்று பெரிய டாக்டர் தையலைப் பார்த்துவிட்டு, "ரெண்டு வருசத்துக்கு அடுத்தது வேண்டாம்மா" என்றார். சரிங்க என்று தலையாட்டினேன். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, மாமனார் வேறு பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். அவ்வளவு பெரிய பில்லில் இந்த ஒரு விஷயத்துக்கு ஐந்து நிமிஷம் சேர்த்திருக்கலாம் என்று இன்றைக்கும் எனக்கு ஆற்றாமைதான்.

"பால் குடிக்கற வரைக்கும் நிக்காது கண்ணு, வெசனப்படாத" என்று அம்மா சொன்னதை நம்பி இருந்துவிட்டேன். அம்மா சொன்னதில் பாதி உண்மை. குழந்தைக்கு 6 மாதம் ஆகியிருக்கக் கூடாது, தாய்ப்பால் தவிர வேறு எதுவும் கொடுக்கக் கூடாது, மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது, இந்த மூன்றும் சேர்ந்திருந்தால்தான் அதை நம்பலாமாம். நான் ஐந்தாம் மாதமே பனியன் கம்பெனிக்குத் திரும்பிவிட்டேன், பகலில் மாமியார் பவுடர் பால் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஏழாம் மாதம் ஒரு வாரமாகக் குமட்டல். விடியக்காலம் நாலரை மணிக்கு பாத்ரூம் லைட்டுக்கு அடியில் கர்ப்பமா என்று பார்க்கிற கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றது இருக்கிறதே, சிசேரியனுக்குக் கூட அவ்வளவு பயப்படவில்லை. ஒரே கோடுதான் வந்தது. மாமியாருக்கு முகம் வாடிவிட்டது. "ஒட்டுக்கா ரெண்டையும் பெத்து வளத்திப்போட்டா ஒரே வேலையாப் போயிருமல்ல" என்றார். அவர் பெற்ற மூன்றும் வீட்டிலேயே சுகப்பிரசவம், அவரிடம் தையலைப் பற்றி என்ன பேசுவது.

அந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே இருந்த டாக்டரம்மா முதலில் கேட்டது டிஸ்சார்ஜ் சம்மரி. வயிற்றில் வெளியே தெரிகிற தழும்பு வேறு, கர்ப்பப்பையில் வெட்டிய இடம் வேறு, வெளித்தழும்பை வைத்து உள்ளே எப்படி என்று சொல்ல முடியாது என்றார். என்னுடையதில் எல்எஸ்சிஎஸ் என்று எழுதியிருந்தது, அதாவது கீழ்ப்பாகத்தில் வெட்டியது, அங்கே வழக்கமாகக் குறுக்காகத்தான் வெட்டுவார்களாம். மேல்பாகத்தில் நெட்டுக்குத்தாக வெட்டியிருந்தால் அடுத்ததற்கு வலி வரும்வரை காத்திருக்கவே விடமாட்டார்கள். இந்தக் காகிதத்தைச் சீர் நகை மாதிரி பீரோவில் வையுங்கள். நான் கேஸ் புத்தகத்தோடு சேர்த்து அட்டாலியில் போட்டு வைத்திருந்தேன்.

ஒரு குழந்தை பிறந்தால் அடுத்ததற்கு முயற்சி செய்ய 24 மாதமாவது போகட்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் எல்லாத் தாய்மாருக்கும் சொல்வது. சிசேரியன் ஆனவர்களுக்கு அதற்கு மேல் ஒரு காரணம் உண்டு. குறுக்கு வெட்டு ஒன்று மட்டும் உள்ளவர்கள் அடுத்ததற்குச் சுகப்பிரசவம் முயன்றால் பழைய தையல் விடுகிற வாய்ப்பு 100க்கு ஒன்றுக்கும் குறைவு, ஆனால் இரண்டு பிரசவத்துக்கும் நடுவில் 18, 19 மாதம் கூட இல்லை என்றால் அது கூடுகிறது. விட்டால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. சரி, இடைவெளி விட்டுவிட்டால் எல்லாம் தீர்ந்ததா என்றால் அதுவும் இல்லை. நஞ்சுக்கொடி பழைய தழும்பின் மேல் ஒட்டிக்கொள்கிற தொல்லை ஒவ்வொரு சிசேரியனுக்கும் ஏறிக்கொண்டே போவது, இடைவெளி விட்டால் மட்டும் அது போய்விடாது. இதை டாக்டரம்மா மேஜையில் கிடந்த பழைய கவரில் கர்ப்பப்பை படம் போட்டுக் காட்டினார், கவிழ்த்துவைத்த பேரிக்காய் மாதிரி இருந்தது.

அங்கே கருத்தடை முறை எல்லாமே இலவசம். அந்தரா ஊசி 3 மாதத்துக்கு ஒருமுறை, ஆனால் நிறுத்திய பின் கரு நிற்கச் சில மாதம் தாமதமாகலாம். எனக்குத் தேதி கணக்கு முக்கியம், அதனால் வேண்டாம் என்றேன். சாயா மாத்திரை லக்னோவில் கண்டுபிடித்தது, ஹார்மோன் கிடையாது, பால் கொடுப்பவர்களும் சாப்பிடலாம், முதல் 3 மாதம் வாரம் 2, அப்புறம் வாரம் 1. ஷிப்மென்ட் வாரத்தில் எனக்கு என் பிறந்தநாளே மறந்துபோகும். மிச்சம் காப்பர் டி.

சிஸ்டர் ஒரு சாம்பிளைக் கையில் கொடுத்தார். வெள்ளை பிளாஸ்டிக், தீக்குச்சியை விடக் குட்டை, தண்டில் செம்புக் கம்பி நெருக்கமாகச் சுற்றி, இரண்டு கையிலும் செம்பு வளையம், வாலில் நூல். 380 என்பது செம்பின் பரப்பு, சதுர மில்லிமீட்டரில். 10 வருஷம் வேலை செய்யும். இது நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று எங்கள் வளவில் ஒரு அக்கா சொல்லியிருந்தார். கர்ப்பப்பையைத் துளைத்துக்கொண்டு போவது ஆயிரத்தில் ஒருவருக்கு நடக்கலாம், பால் கொடுப்பவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல், ஆனால் நெஞ்சு வரைக்கும் அதற்கு வழியே இல்லை. பழைய தையலில் மாட்டிக்கொள்ளுமா என்றும் கேட்டேன். அதெல்லாம் இல்லை, சிசேரியன் செய்யும்போதே, தைப்பதற்கு முன்னால் கூட இதை வைத்துவிடலாம் என்றார் சிஸ்டர். என் கணவர் என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். எங்களுக்கு யார் சொன்னார்கள்.

அன்றைக்கே போட மாட்டேன் என்றுவிட்டார்கள். கார்டு ஒரு கோடு காட்டினாலும் உறுதியில்லை, 3 வாரம் நிரோத் (ஆணுறை) போட்டுக்கொண்டு மறுபடி வாங்க என்றார்கள். அப்போது எரிச்சலாக இருந்தது, இப்போது யோசித்தால் அதுதான் சரி. எட்டாம் மாதத்தில் போட்டார்கள். ஐந்து நிமிஷம்தான். உள்ளே அளவு பார்க்கும்போது அடிவயிறு சுருக்கென்று இழுத்தது, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன், அப்புறம் மாதவிலக்கு முதல் நாள் வலி போல ஒரு நாள் இருந்தது.

இனி குறை. மாதவிலக்கு திரும்பிய முதல் நான்கு மாதம் கொட்டித் தீர்த்துவிட்டது, கம்பெனியில் கருப்பு சுடிதார் தவிர வேறு போடவில்லை. ஹீமோகுளோபின் 9.8க்கு இறங்கி இரும்பு மாத்திரை எடுத்தேன். ஏற்கெனவே ரத்தம் ரொம்பக் குறைவாக இருப்பவர்கள் இதைப் போடுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள், யாராவது கேட்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம். ஐந்தாம் மாதத்தில் இருந்து பழையபடி ஆனது. நூல் இருக்கிறதா என்று விரலால் பார்க்கச் சொன்னார்கள், கூச்சமாக இருந்தாலும் பாருங்கள், முதல் வருஷம் சிலருக்குத் தானாக வெளியே வந்துவிடுவது உண்டு. போட்டிருந்தும் நாள் தள்ளினால் உடனே ஓட வேண்டும், கரு கர்ப்பப்பைக்கு வெளியே, குழாயில் தங்கியிருக்கலாம்.

இடத்தைப் பற்றி ஒரு குறை. போடுகிற அறைக்குக் கதவு உண்டு, தாழ்ப்பாள் இல்லை. ஒரு பச்சைத் துணிதான் மறைப்பு, அதையும் விலக்கிக்கொண்டு பிபி மெஷின் கேட்டு ஒருத்தர் வந்தார். பொருளுக்கு 5க்கு 4, அறைக்கு 2, டாக்டரம்மாவுக்கு எத்தனை வேண்டுமானாலும்.

என் பையனுக்கு அடுத்த மாதம் மூணு வயசு. போன மாதம் எடுக்கப் போனபோது இருமச் சொன்னார்கள், இருமினேன், வந்துவிட்டது, போடும்போது பட்ட வலியில் கால்வாசி கூட இல்லை. தட்டில் கிடந்ததைப் பார்த்தேன், செம்பு கறுத்துப்போயிருந்தது. எடுத்த உடனேயே கரு நிற்கலாம் என்று ஃபோலிக் ஆசிட் கையில் கொடுத்துவிட்டார்கள். அடுத்ததற்குச் சுகப்பிரசவம் முயலலாமா என்று கேட்டேன். முயல்பவர்களில் 100க்கு 60 முதல் 80 பேருக்கு ஆகிவிடுகிறது, ஆனால் இங்கே வேண்டாம், ராத்திரி எந்நேரமும் ஆபரேஷன் தியேட்டரும் ரத்தமும் இருக்கிற இடமாகப் பெருந்துறைக்கோ கோவைக்கோ போங்க, ஐந்தாம் மாதமே பழைய சம்மரியோடு போய்ப் பேசிவிடுங்க என்றார் டாக்டரம்மா. காப்பர் டி அட்டையில் எடுத்த தேதியையும் எழுதச் சொல்லி வாங்கி வந்து, சம்மரியோடு பின் அடித்து வைத்திருக்கிறேன்.