பெற்றோலா, பற்றரியா? பத்து வருடம் புல் வெட்டியவன் கணக்கு

கனடாவில், மார்க்கம் நகரில் இந்த வீட்டுக்கு வந்து பத்து வருடம். முதல் ஐந்து வருடம் பெற்றோல் மெஷினால் புல் வெட்டினேன், பிறகு 56 வோல்ட் பற்றரி மெஷின். முன்முற்றமும் பின்முற்றமும் வெட்டி முடிக்க 35 நிமிடம். மே தொடங்கி ஒக்டோபர் வரை எப்படியும் 25 தடவை வெட்ட வேண்டும்.

பெற்றோல் மெஷின் 450 டொலர். பெற்றோலுக்கு வருடம் 25 டொலர், ஒயில், பிளக் என்று இன்னொரு 25. புல் வெட்டும்போது அது ஒருநாளும் என்னைக் கைவிடவில்லை. படுத்தியது பனிக்காலம்தான். தாங்கியில் பெற்றோலோடு கராஜில் விட்டால் மே மாதம் கயிற்றை எத்தனை தரம் இழுத்தாலும் ஸ்டார்ட் வராது. இங்கே பெற்றோலில் எதனோல் என்ற மதுசாரம் கலந்திருக்கும், அது ஈரத்தை இழுக்கும். இரண்டு தடவை கடையில் கொடுத்து, தடவைக்கு 120 டொலர் கட்டினேன். மூன்றாம் தடவை, பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபரேற்றரை நானே கழற்றினேன். அடிக்கிண்ணத்தில் தேன் நிறத்தில் பிசின் மாதிரி ஒட்டியிருந்தது, பெற்றோல் போகும் ஜெட்டின் ஊசித்துளை முழுதாக அடைத்திருந்தது. மகனின் பழைய கிற்றார் கம்பியால் குத்தி எடுத்துப் பூட்டினேன். இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. பனிக்கு முன் தாங்கியை வெறுமையாக்கி, தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. விற்றவர்கள் அதை ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

பற்றரி மெஷின் 750 டொலர். மின்சாரத்துக்கு வருடம் இரண்டு டொலர்கூடப் போகாது. கத்தியைத் தீட்டுவதைத் தவிர வேறு பராமரிப்பு இல்லை. பொத்தானை அழுத்தினால் ஓடும், சத்தமும் குறைவு.

ஆனால் பற்றரிக்கும் வயது போகும். முதல் வருடம் முற்றம் முழுவதும் வெட்டிய பிறகும் சார்ஜ் மிச்சமிருக்கும். இப்போது பின்முற்றத்து அப்பிள் மரத்தடிக்குப் போனதும் நின்றுவிடுகிறது. மே மாதத்து ஈரப்புல் என்றால் அதற்கும் முன்னாலேயே. அப்புறம் ஒரு மணித்தியாலம் சார்ஜுக்குக் காத்திருக்க வேண்டும். புதுப் பற்றரி 350 டொலர். பனிக்காலத்தில் அதைக் கராஜில் விடாமல் வீட்டுக்குள் எடுத்து வையுங்கள், உறைகுளிரில் சார்ஜ் போடவே கூடாது.

ஐந்து வருடத்துக்குப் பெற்றோல் மெஷினுக்கு 940 டொலர், பற்றரி மெஷினுக்கு 760. இனிப் பற்றரி மாற்றினால் 1,110 ஆகிவிடும். நான் கடைக்குக் கட்டிய 240ஐக் கழித்துப் பார்த்தால் பெற்றோல்தான் மலிவு. காணி பெரிதாக இருந்து, காபரேற்றரைக் கழற்றிப் பூட்டவும் தெரிந்தால் பெற்றோலே வாங்குங்கள். ஹொண்டா 2023இல் வட அமெரிக்காவில் பெற்றோல் புல்வெட்டித் தயாரிப்பை நிறுத்திவிட்டது, நல்ல நிலையில் பழையது ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். சிறிய முற்றம் என்றால் பற்றரி போதும். அதே பற்றரி பனி தள்ளும் மெஷினுக்கும் பொருந்துமா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள்.

எனக்கு 58 வயது, வலது தோள்மூட்டில் வலி. கயிறு இழுப்பது இனிச் சரிவராது. அடுத்த மே வருவதற்குள் புதுப் பற்றரி வாங்கிவிடுவேன்.